பழைய பண்ணை இயந்திரங்களில் அக்யுமுலேட்டரைச் சோதிப்பதும் நைட்ரஜன் ஏற்றுவதும்: முழுமையான வழிகாட்டி

எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பின்பும், ஓர் இயந்திரத்தின் ஹைட்ராலிக் குழாயில் 100 பாருக்கு மேல் அழுத்தம் அப்படியே நின்றுகொண்டிருக்கக்கூடும். அதைப் பிடித்து வைத்திருப்பது, சேறும் கிரீஸும் அப்பிக்கொண்டு, சேசிஸின் ஓரத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஒரு சிறிய எஃகுக் கலம். அக்யுமுலேட்டர் என்று அதற்குப் பெயர். பம்பையும் வால்வையும் சிலிண்டரையும் கைநீட்டிக் காட்டத் தெரிந்த உரிமையாளர்கள் பலருக்கு இதை மட்டும் காட்டத் தெரிவதில்லை. அதனாலேயே இதன் பழுதுக்குப் பம்பு மாற்றப்படுகிறது. பம்பை மாற்றியும் தீராதபோது வண்டியே கைமாறுகிறது.

கலத்தின் உட்புறம் ஒரு ரப்பர்த் தடுப்பாலோ நகரும் பிஸ்டனாலோ இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒருபுறம் நைட்ரஜன் வாயு, மறுபுறம் ஹைட்ராலிக் எண்ணெய். எண்ணெய் ஏறக்குறைய அமுங்காது, வாயு நன்றாக அமுங்கும். ஆகவே வாயு இங்கே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. டிராக்டரில் பொருத்திய முன் லோடரின் பூம் (பக்கெட்டைத் தூக்கும் கை) குழாயில் அது குலுக்கலை வாங்கிக்கொள்கிறது. ஹைட்ராலிக் பிரேக் உள்ள சில பழைய பெரிய டிராக்டர்களில், எஞ்சின் நின்ற பிறகும் சில முறை பிரேக் பிடிக்கத் தேவையான எண்ணெயைச் சேமித்து வைக்கிறது. சில அறுவடை இயந்திரங்களில் முன்தலை மேடுபள்ளத்தில் மெத்தென்று ஏறி இறங்க உதவுகிறது. பண்ணைக்குட்டை வெட்டும் எக்ஸ்கவேட்டரில் (எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் ஊரில் அதற்கு ஹிட்டாச்சி என்றுதான் பெயர்) லீவர்களை இயக்கும் பைலட் குழாயில் ஒரு சிறிய கலமாக உட்கார்ந்திருக்கிறது.

மூன்று வகைகள் உண்டு. உருண்டையாக, நடுவில் பற்றவைத்த தழும்போடு இருப்பது டயாஃப்ரம் வகை. பண்ணை இயந்திரங்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. நீண்ட உருளைக்குள் ரப்பர்ப் பை இருப்பது பிளாடர் வகை. சிலிண்டர் போலவே இருந்து, உள்ளே தண்டில்லாத பிஸ்டன் மட்டும் ஓடுவது பிஸ்டன் வகை.

முன்னழுத்தம்: எல்லாம் இந்த ஓர் எண்ணில்தான்

எண்ணெய்ப் பக்கத்தில் அழுத்தமே இல்லாதபோது வாயுப் பக்கத்தில் இருக்கும் அழுத்தத்தை முன்னழுத்தம் என்று இங்கே குறிப்பிடுகிறேன். பட்டறையில் இதைக் கேஸ் பிரஷர் என்பார்கள். எண்ணெயில் அழுத்தம் இருக்கும்போது வாயுவை அளந்தால், வாயு எண்ணெயின் அழுத்தத்தையே திருப்பிச் சொல்லும். கேஜில் 140 பார் காட்டுகிறது, கேஸ் நிறைய இருக்கிறது என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கேஸின் கணக்கல்ல, எண்ணெய் அழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் ரிலீஃப் வால்வின் கணக்கு. எண்ணெய் வடியும்வரை கேஜ் சொல்லும் எதையும் நம்பக் கூடாது என்பதே இந்த வேலையின் அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்காகவே பார்க்கலாம். 0.75 லிட்டர் கலத்தில் முன்னழுத்தம் 50 பார், குழாயில் அதிகபட்ச அழுத்தம் 150 பார் என்று கொள்வோம். எண்ணெய் 150 பாருக்கு ஏறும்போது வாயு சுமார் 0.25 லிட்டராகச் சுருங்கும். எண்ணெய்க்கு அரை லிட்டர் இடம் கிடைக்கும். அதே கலத்தில் முன்னழுத்தத்தை 140 பாருக்கு ஏற்றிவிட்டால், 150 பாரில் வாயு 0.70 லிட்டராகவே நிற்கும். எண்ணெய்க்குக் கிடைப்பது 0.05 லிட்டர், அதாவது ஒரு சிறிய காபித் தம்ளர் அளவுகூட இல்லை. மறுபக்கம், கேஸ் கசிந்து 20 பாருக்கு இறங்கிவிட்டால் எண்ணெய் நிறையவே புகும். ஆனால் வாயு ஏழில் ஒரு பங்காக நசுங்கும், ரப்பர் ஒவ்வொரு முறையும் எல்லைவரை இழுபடும், நாளடைவில் கிழியும். கேஸ் முழுதும் போய்விட்டாலோ, ரப்பர் கலத்தின் சுவரோடு ஒட்டிக்கொள்ள, உள்ளே ஸ்பிரிங்கே இல்லாமல் போய்விடும்.

கேஸ் மிகுந்தாலும் கேஸே இல்லாவிட்டாலும் வெளியில் தெரியும் அடையாளம் ஒன்றே என்பதுதான் இதில் வரும் பெரிய குழப்பம். இரண்டிலும் கலம் வேலை செய்யாது. இரண்டிலும் லோடர் குதிக்கும், ஹோஸ் துடிக்கும், குழாய் சுத்தியலால் அடிபட்டது போல் தட்டும்.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் குவாரிகள் இருப்பதால் பாறை உடைக்கும் பிரேக்கர்களும் உண்டு. பிரேக்கருக்கு நைட்ரஜன் ஏற்றும் மெக்கானிக்கும், சிலிண்டரும், கேஸை அளந்து ஏற்ற உதவும் சார்ஜிங் கிட்டும் தேடினால் கிடைத்துவிடுகின்றன. பிற மாவட்டத்துக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய வசதி இது. ஆனால் பிரேக்கர் பழக்கத்தில் எந்தக் கலத்தைக் கண்டாலும் கைக்குப் பழகிய எண்ணையே ஏற்றிவிடுகிற வழக்கமும் கூடவே வருகிறது. மாங்கன்றுக்குக் குழியெடுக்கப் பழையதாக வாங்கிய ஓர் எக்ஸ்கவேட்டரைக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு தோப்பில் பார்க்க நேர்ந்தது. லீவர்கள் வெட்டி வெட்டி இழுத்தன. எஞ்சினை நிறுத்திய பின் லீவரைத் தள்ளினால் பூம் இறங்கவேயில்லை. பம்பு போய்விட்டது என்று முடிவு கட்டி விலை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பைலட் குழாயின் அழுத்தமே 35 பார்தான். கலத்தில் இருந்ததோ 55 பார் நைட்ரஜன். ஒரு துளி எண்ணெயும் அந்தக் கலத்துக்குள் போயிருக்க வழியில்லை. கேஸை இறக்கி, அந்த வண்டியின் கையேட்டில் கண்ட அளவுக்குக் கொண்டுவந்ததும் லீவர் பழைய நிலைக்குத் திரும்பியது. செலவு அரை நாள் கூலி.

ஆகவே எண்ணைத் தேடுவதே முதல் வேலை. கலத்தின் மேல் ஒட்டிய தகட்டிலோ, எஃகில் பொறித்தோ, கொள்ளளவும் அனுமதித்த அதிகபட்ச அழுத்தமும் இருக்கும். முன்னழுத்தம் சில கலங்களில் அங்கேயே இருக்கும், சிலவற்றில் இயந்திரத்தின் சர்வீஸ் கையேட்டில்தான் இருக்கும். பழைய வண்டிகளில் இரண்டு மூன்று பூச்சுப் பெயிண்டுக்கு அடியில் தகடு மறைந்திருக்கும். அதைத் தின்னர் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தெடுக்க வேண்டும். கிரைண்டரை வைத்துச் சுரண்டக் கூடாது. அலகையும் கவனிக்க வேண்டும்: 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ., 1 மெகாபாஸ்கல் என்பது 10 பார். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பதை 1 பார் என்றே கொண்டாலும் இந்த வேலைக்குப் பெரிய பிழை வராது.

கையேடே கிடைக்காத வண்டிக்கு என்ன செய்வது? சேமிப்புக்காக வைத்த கலமென்றால், குழாயின் குறைந்தபட்ச வேலை அழுத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு என்பதும், குலுக்கலை வாங்கும் கலமென்றால், வழக்கமான வேலை அழுத்தத்தில் ஏறத்தாழ 60 முதல் 75 விழுக்காடு என்பதும் பொதுவான நடைமுறை. இது தொடங்குவதற்கான கணக்கு மட்டுமே. பிரேக்குக்கு எண்ணெய் தரும் கலத்தில் இப்படிக் கணக்குப் போட்டு ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அங்கே கையேட்டு எண் கிடைக்கும்வரை வண்டி நிற்கட்டும்.

கழற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடியவை

அரை மணி நேரம் வேலை செய்த வண்டியில், பிளாடர் அல்லது பிஸ்டன் வகைக் கலத்தின் மேல் புறங்கையை லேசாக வைத்துப் பார்க்கலாம். எண்ணெய் இருக்கும் பாதி சூடாகவும், வாயு இருக்கும் பாதி அதைவிடக் குளிர்ந்தும் இருந்தால் கலம் பெரும்பாலும் நலம். அடிமுதல் நுனிவரை ஒரே சூடென்றால் எண்ணெய் முழுதும் நிரம்பி, வாயு இல்லாமல் போயிருக்கலாம். முழுவதும் குளிர்ந்தே இருந்தால் எண்ணெய் உள்ளே போகவேயில்லை. சிறிய டயாஃப்ரம் கலங்களில் இந்தச் சோதனை அவ்வளவாகப் பேசாது. மேலும், எண்ணெய் 60 டிகிரிக்கு மேல் போயிருந்தால் கை சுடும்.

இதைவிட உறுதியானது முள் விழும் சோதனை. இதற்குச் சார்ஜிங் கிட் தேவையில்லை. எண்ணெய்க் குழாயில் பொருத்தக்கூடிய நல்ல கேஜும், எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தொட்டிக்குத் திருப்பிவிட ஓர் ஊசி வால்வும் போதும். பக்கெட்டைத் தரையில் இறக்கி, குழாயில் அழுத்தம் ஏற்றி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஊசி வால்வை மயிரிழை அளவு திறக்க வேண்டும். கேஜின் முள் 150, 130, 110 என்று சோம்பலாக இறங்கிக்கொண்டே வரும். ஓர் இடத்துக்கு வந்ததும், கிணற்றில் வாளிக் கயிறு அறுந்தது போல், ஒரே நொடியில் பூஜ்யத்துக்கு விழும். எந்த எண்ணிலிருந்து விழுந்ததோ அதுவே முன்னழுத்தம். அந்தக் கணத்தில் ரப்பர் எண்ணெய் முழுவதையும் வெளியே தள்ளிவிட்டு அடியில் உட்கார்ந்துவிட்டது. குழாயைத் தாங்க இனி எதுவும் இல்லை. தொடக்கத்திலேயே முள் மேலேயிருந்து நேராக விழுந்தால் கேஸ் இல்லை, அல்லது அளவுக்கு மீறி இருக்கிறது. வால்வை அவசரமாகத் திறந்தால் அந்த எண்ணைக் கண் பிடிக்காது. மூன்று முறை செய்து மூன்றும் ஒத்துவந்தால்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றிரண்டு கலங்கள் மட்டும் உள்ளவர்கள் கிட் வாங்காமல் ஆண்டுக்கொருமுறை இந்தச் சோதனையைச் செய்துகொண்டாலே போதும் என்பது என் கருத்து. காரணம், கிட்டை மாட்டும் ஒவ்வொரு முறையும் அதன் ஹோஸையும் கேஜையும் நிரப்பக் கொஞ்சம் கேஸ் கலத்திலிருந்து வெளியேறுகிறது. பெரிய கலத்தில் அது தெரியாது. கையடக்கமான பைலட் கலத்தில், ஒரு மீட்டர் ஹோஸுள்ள கிட்டை மாட்டிப் பார்த்தாலே கணிசமான அழுத்தம் போய்விடும்.

எண்ணெய் அழுத்தத்தை இறக்குதல்

கலத்தைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் சுருக்குவழி எதுவும் கிடையாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பக்கெட், பூம், முன்தலை என்று தூக்கி நிற்கும் எல்லாவற்றையும் தரையில் இறக்க வேண்டும். லோடர் குலுக்கலைத் தாங்கும் கலம், தூக்கிய பூமின் எடையையே தாங்கிக்கொண்டிருக்கும். பூம் மேலே இருக்க அந்தக் குழாயைத் தளர்த்துவது தலைமேல் பூமை வரவழைப்பதாகும். எஞ்சினை நிறுத்தி, லீவர் வேலை செய்யச் சாவி போட்டிருக்க வேண்டிய வண்டியானால் சாவியை மட்டும் போட்டு, எல்லா லீவர்களையும் எல்லாத் திசையிலும் பலமுறை ஆட்ட வேண்டும். பிரேக் கலமென்றால், மிதி கட்டையாக ஆகும்வரை பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வடிகால் வால்வு இருந்தால் அதைத் திறந்து, வேலை முடியும்வரை திறந்தே வைக்க வேண்டும். பிறகு எண்ணெய்ப் பக்கக் கேஜைப் பார்த்து, பூஜ்யம் என்று உறுதி செய்ய வேண்டும். கேஜ் பூஜ்யம் காட்டுவதற்கும் கேஜ் கெட்டுப்போயிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. வேலை தொடங்கும் முன் எஞ்சின் ஓடும்போது அது அழுத்தம் காட்டியதா என்பதைப் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

எங்கேனும் எண்ணெய் ஊசிபோல் பீறுகிறது என்று சந்தேகம் வந்தால், கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஓர் அட்டைத் துண்டைக் காட்ட வேண்டும். உயர் அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால் வெளியே கொசு கடித்தது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாகவே இருக்கும். ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்காமல், தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே போய், ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே ஏறியது என்று சொல்ல வேண்டும்.

வாயுப் பக்கத்தை அளத்தல்

கலத்தின் உடலில் ஆழமான துரு, நசுங்கல், பற்றவைப்புத் தழும்பருகே கசிவு ஆகியவை இருந்தால் அளக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம், மாற்ற வேண்டியதுதான். கலத்தின் மேல் யாரோ பிடிமானத் தகட்டைப் பற்றவைத்திருப்பதைப் பார்த்தாலும் இதே தீர்ப்பு.

வாயுத் தலைப்பு பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, டயர் வால்வைப் போலத் தோற்றமளிக்கும் ஊசி வால்வு (முள் விழும் சோதனையில் எண்ணெயைத் திருப்பிவிடும் ஊசி வால்வு வேறு). மற்றொன்று, மூடிக்கு அடியில் ஆலன் கீ போடும் குழியுள்ள திருகு. இரண்டுமே இல்லாமல், வாயுப் பக்கம் நிரந்தரமாக அடைக்கப்பட்ட கலங்களும் உண்டு. அவற்றில் கேஸ் போனால் கலத்தையே மாற்ற வேண்டும். துளையிட்டு வால்வு வைத்துத் தருகிறேன் என்று சொல்லும் லேத் பட்டறைக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. ஊசி வால்வுக்குப் போடும் உட்கருவும் உயர் அழுத்தத்துக்கென்றே செய்தது. வடிவம் ஒன்றுபோல இருக்கிறதே என்று பஞ்சர் கடையில் வாங்கிய டயர் உட்கருவைப் போட்டால், அது நிற்கும் நாள்களை விரல்விட்டு எண்ணலாம்.

கிட் என்பது ஒரு கேஜ், கேஸை வெளியேற்றும் சிறிய வால்வு, திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, மேலே ஊசியையோ திருகையோ திறக்கும் கைப்பிடித் தண்டு ஆகியவை சேர்ந்த ஒரு பித்தளை அல்லது எஃகுக் கட்டை. மூடியைக் கழற்றி, நூலிழை துடைத்து, கிட்டைக் கையாலேயே இறுக்கி, வெளியேற்றும் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தண்டைத் திருப்ப வேண்டும். ஆலன் திருகு வகையில், கிட் மாட்டாமல் ஆலன் கீயோடு திருகைத் தளர்த்துபவர் தன் முகத்துக்கு நேரே ஒரு துப்பாக்கியைப் பிடித்திருக்கிறார். கேஜ் முள் எழுந்து நின்றதும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஒரு வெள்ளைத் துணியை வெளியேற்றும் துளைக்கு முன் தளர்வாகப் பிடித்து, வால்வை ஓர் இமைப்பொழுது திறந்து மூட வேண்டும். துணி உலர்ந்தே இருந்தால் ரப்பர் நலம். எண்ணெய்ப் பொட்டு விழுந்தால், வெறும் மூடுபனி போல் படிந்தாலும்கூட, எண்ணெய் வாயுப் பக்கத்துக்குக் கடந்துவிட்டது என்று பொருள். பற்றவைத்த டயாஃப்ரம் கலமானால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. பிளாடர் வகைக்குப் பை மட்டும், பிஸ்டன் வகைக்கு சீல் கிட் மட்டும் மாற்றலாம். அந்தத் துணியை நான் வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவேன். விளக்கம் சொல்லும் வேலை பாதி குறையும்.

அளவெடுக்கும்போது கலம் என்ன சூட்டில் இருக்கிறது என்பது முக்கியம். முன்னழுத்த எண் பெரும்பாலும் 20 டிகிரிக்குச் சொல்லப்பட்டதாகவே இருக்கும். 20 டிகிரியில் 50 பார் காட்டும் கலம், 40 டிகிரியில் சுமார் 53.5 பார் காட்டும். வேலை முடிந்த சூட்டில், 60 டிகிரியில், 57 பார் காட்டும். கேஸ் கசியவுமில்லை, கூடவுமில்லை. சூடு மட்டுமே மாறியிருக்கிறது. சித்திரை வெயிலில், தருமபுரியில், நண்பகலில் வந்து நின்ற வண்டியில் 57 பாரைப் பார்த்துவிட்டு, அதிகமாக இருக்கிறதென்று 7 பாரை இறக்கிவிட்டால், மார்கழிக் காலையில் ஓசூர்ப் பக்கம் அது 44 பாருக்குக் கீழே கிடக்கும். வண்டியை இரவு முழுக்க நிழலில் ஆறவிட்டு, காலையில், காற்றின் வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்து அளப்பதே என் வழக்கம்.

நைட்ரஜன் ஏற்றுதல்

உலர்ந்த நைட்ரஜன் ஒன்றைத் தவிர வேறெதையும் ஏற்றக் கூடாது. ஆக்சிஜனும் எண்ணெயும் அழுத்தத்தில் சந்தித்தால் தீப்பொறி இல்லாமலே வெடிக்கும். பஞ்சர் கடைக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், கூடவே ஈரம். அதையும் ஏற்றக் கூடாது. நம் நாட்டு வண்ண முறைப்படி நைட்ரஜன் சிலிண்டருக்குச் சாம்பல் நிற உடலும் கறுப்புக் கழுத்தும். ஆக்சிஜனுக்குக் கறுப்பு உடலும் வெள்ளைக் கழுத்தும். பெயிண்ட் உரிந்து நிறம் தெரியாத சிலிண்டரை, கடைக்காரர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தலைப்பின் நூலிழை பொருந்திவிட்டது என்பது உள்ளே இருப்பது நைட்ரஜன்தான் என்பதற்குச் சான்றாகாது.

சிலிண்டரின் அழுத்தத்தை வேண்டிய அளவுக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில் நடக்கும் தவறு இதைவிடப் பரவலானது. வெல்டிங் பட்டறையிலிருந்து ஆக்சிஜன் ரெகுலேட்டரை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி வருவார்கள். அதன் வெளியேறும் அழுத்தம் பெரும்பாலும் இந்த வேலைக்குப் போதாது என்பது சிறிய குறை. பெரிய ஆபத்து திருப்பிக் கொடுத்த பிறகு வருகிறது: கலத்தின் பக்கத்திலிருந்து எண்ணெய்ப் பசை அதில் ஏறியிருந்தால், மறுநாள் அதை ஆக்சிஜன் சிலிண்டரில் மாட்டித் திறப்பவர், ஹைட்ராலிக் பற்றி எதுவும் அறியாத வெல்டர். நைட்ரஜனுக்கென்றே உயர் அழுத்த ரெகுலேட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

47 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சுமார் 150 பார் இருக்கும்; அதைத்தான் 7 கன மீட்டர் சிலிண்டர் என்கிறோம். பிரேக்கருக்குப் போட்டு மிஞ்சிய சிலிண்டரை வாங்கும்போது அதில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறதென்று பார்க்க வேண்டும். 40 பார் மிச்சமுள்ள சிலிண்டரால் 60 பார் கலத்தை எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நிரப்ப முடியாது.

சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, தூணிலோ வண்டியிலோ சங்கிலியால் கட்ட வேண்டும். கதவடைத்த கொட்டகையில் இந்த வேலை கூடாது. நைட்ரஜனுக்கு மணமில்லை, நிறமில்லை, மூச்சுத் திணறுவது தெரிவதற்குள் மயக்கம் வந்துவிடும். சிலிண்டர் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, ஒரு நொடி திறந்து மூடித் தூசியை ஊதிவிட்டு, ரெகுலேட்டரை மாட்டி, அதன் திருகை முழுதும் தளர்த்தி வைக்க வேண்டும். ஹோஸின் மறுமுனையைக் கிட்டில் இணைக்கும் முன், கொஞ்சம் நைட்ரஜனை விட்டு ஹோஸிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும்.

இனித் தேவை பொறுமை. எண்ணெய்ப் பக்கம் பூஜ்யம் என்பதை மீண்டும் ஒருமுறை உறுதி செய்து, கிட்டின் தண்டைத் திறந்து, ரெகுலேட்டரைச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். முதல் சில பார்கள்தான் மிக மெதுவாக ஏற வேண்டியவை. சுருங்கிக் கிடக்கும் ரப்பர் அப்போதுதான் விரிகிறது. விரைவாகத் திறந்தால், புகும் வாயு குளிர்ந்து ரப்பரை விறைக்கச் செய்யும், பிளாடர் வகையில் பையின் அடி, எண்ணெய் வாயிலுக்குள் பிதுங்கி வெட்டுப்படும். புதிதாகப் போட்ட பையானால், ஏற்றும் முன் எண்ணெய்ப் பக்கம் சிறிது ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றி நனைத்துவிட வேண்டும். வேண்டிய அளவுக்கு இரண்டு மூன்று பார் மேலே ஏற்றி, சிலிண்டரை மூடிவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு தேநீர் குடிக்கும் இந்த இடைவெளியில் வாயுவின் சூடு கலத்தின் சூட்டோடு சமமாகி, முள் ஓரிடத்தில் நிலைக்கும். அதன் பிறகு வெளியேற்றும் வால்வைத் தொட்டுத் தொட்டு, அன்றைய வெப்பநிலைக்குத் திருத்திய எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்.

தண்டை மூடி, ஹோஸிலுள்ள கேஸை வெளியேற்றி, கிட்டைக் கழற்றி, சோப்பு நுரையைத் தலைப்பின் மேல் தடவ வேண்டும். ஒரு குமிழிகூட வரக் கூடாது. ஓ-ரிங் பழையதாக இருந்தால் இப்போதே மாற்றிவிட்டு, மூடியைப் போட வேண்டும். மூடி தூசிக்காக மட்டும் வைத்ததல்ல, கசிவுக்கு இரண்டாவது தடை அது. மூடி தொலைந்த கலங்களில்தான் கேஸ் விரைவில் இறங்குவதைக் காண்கிறேன்.

ஏற்றிய பிறகு

வடிகால் வால்வை மூடி, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, லீவர்களை மெதுவாக இயக்கிக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றியதும், முள் விழும் சோதனையை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். கிட்டின் எண்ணும் குழாய்க் கேஜின் எண்ணும் ஒன்றிரண்டு பாருக்குள் ஒத்துவராவிட்டால் இரண்டில் ஒரு கேஜ் பொய் சொல்கிறது.

ஒரு வாரம் கழித்து, பிறகு மூன்று மாதம் கழித்து, பிறகு ஆண்டுக்கொருமுறை பார்த்தால் போதும். நைட்ரஜன் ரப்பர் வழியாகவும் மிக மெல்ல ஊடுருவும், ஆகவே ஆண்டில் சிறிது குறைவது பழுதல்ல. ஒரு வாரத்தில் பாதி இறங்கினால், சோப்பு நுரை குமிழி காட்டாவிட்டால், கேஸ் எண்ணெய்ப் பக்கம் போகிறது. தொட்டியில் நுரை கட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தேதி, காலை வெப்பநிலை, பார் மூன்றையும் கலத்தின் பக்கத்திலுள்ள சேசிஸில் பெயிண்டால் எழுதி வைத்தால், அடுத்து வருபவர் 55 என்று தன் பழக்கத்தில் ஏற்றாமல் இருப்பார். கலத்தின் மேல் எண் பஞ்ச் (எண் அச்சு) அடித்துப் பொறிப்பது கூடவே கூடாது.

கழற்றிப்போட்ட பழைய கலம் பழைய இரும்புக் கடைக்குப் போகிறதென்றால், கிட்டை மாட்டி கேஸ் முழுவதையும் வெளியேற்றி, வாயுத் திருகையோ ஊசி உட்கருவையோ கழற்றித் தனியே கொடுத்து, எண்ணெயையும் வடித்துவிட்டு, வாயுத் துளை திறந்து தெரியும்படி அனுப்ப வேண்டும். கேஸ் இறக்காத கலத்தின் மேல் கட்டர் நெருப்பைக் காட்டுகிறவருக்கு, அது வெறும் இரும்பு உருண்டையாகத்தான் தெரியும். நிரந்தரமாக அடைக்கப்பட்ட, கேஸ் இறக்க வழியே இல்லாத கலமானால், அதைக் கடைக்குப் போடாமல், புதுக் கலம் வாங்கும் ஹைட்ராலிக் கடையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும்.